வெள்ளரிப்பாளையத்துக்கு மேலே போன கோடு

வெயில் என்றால் அப்படியொரு வெயில், பறக்கிற காக்கை தன் நிழலுக்குள்ளேயே ஒதுங்கப் பார்க்கும் வெயில், தார்ச்சாலையில் செருப்பு ஒட்டிக்கொண்டு ஆள் மட்டும் வீட்டுக்குப் போய்ச் சேரும் வெயில், அந்த வெயில் அடிக்கிற வெள்ளரிப்பாளையத்தில் நாலுரோட்டுக்குப் பக்கத்தில் சென்னியப்பன் என்று ஒருவர் ஸ்வெட்டர் கடை வைத்திருந்தார். ஏன் வைத்தார் என்றால், கல்யாணமான புதிதில் மனைவி ருக்குமணியைக் கூட்டிக்கொண்டு ஊட்டிக்குப் போனபோது அவருக்குக் குளிர் எடுத்தது, அவ்வளவுதான் காரணம். தனக்கு எடுத்த குளிர் இன்றில்லாவிட்டால் நாளை ஊருக்கும் எடுக்காமலா போய்விடும் என்று நம்பி, மலையிறங்கி வந்த கையோடு கடை பிடித்தார், போர்டு மாட்டினார், கம்பளிச் சட்டைகளையும் குரங்குக் குல்லாய்களையும் கண்ணாடிக்குள் அடுக்கினார், மின்விசிறியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார், மகள் பிறந்து வளர்ந்து கல்லூரிக்குப் போகிறவரைக்கும் உட்கார்ந்தே இருந்தார். மார்கழியில் காதடைக்கிறது என்று பெரியவர்கள் சிலர் குல்லாய் வாங்கினார்கள். மலைக்குச் சுற்றுலா போகிற பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கூட்டமாக வந்து விலை கேட்டுவிட்டு, பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிக்கொண்டு போனார்கள். குடும்பம் ஓடியது ருக்குமணியின் தையல் மிஷினில்தான். அதை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

மகள் சுபிக்‌ஷா, ஊருக்குக் கிழக்கே மேட்டில் இருக்கும் கல்லூரியில் பி.காம். பிசினஸ் அனலிட்டிக்ஸ் கடைசி வருஷம் படித்தாள். அது என்ன படிப்பு என்று ஊரில் ஒருவருக்கும் விளங்கவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் சென்னியப்பன், "யாவாரத்துக்கு ஜோசியம் பாக்கற படிப்புங்" என்று சொல்லிவைத்திருந்தார். "அப்படீன்னா பரிகாரமும் சொல்லித் தருவாங்களாட்ட" என்று அவர்களும் திருப்தியாகப் போனார்கள்.

அந்தப் படிப்பில் கடைசிப் பருவத்துக்கு ஒரு ப்ராஜெக்ட் உண்டு. ஆளுக்கொரு வியாபாரத்தை எடுத்துக்கொண்டு, அதன் பழைய விற்பனையையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி ஆராய்ந்து, அடுத்து வரும் ஐந்து வருஷத்துக்கு அது ஏறுமா இறங்குமா என்று கணித்துக் கோடு வரைந்து காட்ட வேண்டும். சுபிக்‌ஷா அப்பா கடையை எடுத்தாள். வேறு எந்தக் கடையில் கேட்டாலும் விற்பனைக் கணக்கைக் காட்ட மாட்டார்கள், அப்பா மட்டும்தான் ஆசையாகக் காட்டினார். அவள் ஏற்றினாள், ஆராய்ந்தாள், கோட்டை வரையச் சொன்னாள். கோடு கீழே போனது. மெதுவாகக்கூடப் போகவில்லை, கயிறறுந்த வாளி கிணற்றுக்குள் போகிற மாதிரி போனது.

வகுப்பில் காட்ட வேண்டிய நாளும் வந்தது. அவளுக்கு முன்னால் போனவன் பெரியப்பாவின் கோழிப்பண்ணையை எடுத்திருந்தான், கோழிகள் ஐந்து வருஷத்தில் மாவட்டத்தையே மூடிவிடும்போல இருந்தது. அடுத்துப் போனவள் மாமாவின் வெல்ல மண்டி, கோடு அச்சு வெல்லம் மாதிரி அடுக்கடுக்காக ஏறியது, எல்லாரும் கைதட்டினார்கள். சுபிக்‌ஷா தன் முறைக்குக் காத்திருந்தபோது, வளர்ச்சி விகிதம் என்கிற கட்டத்துக்குள் எண்ணுக்கு முன்னால் குட்டியாகப் படுத்திருந்த மைனஸைப் பார்த்தாள். கண்ணில் விழுந்த தூசியை எடுக்கிற மாதிரி அதை எடுத்துவிட்டாள். அவ்வளவுதான் அவள் செய்தது.

பிறகு எழுந்துபோய் ப்ராஜெக்டரைப் போட்டாள். திரையில் பழைய விற்பனை நீலமாக வந்து நின்றது, அதன் நுனியிலிருந்து வருங்கால விற்பனை சிவப்பாகக் கிளம்பியது, கிளம்பி மேல்நோக்கி ஏறியது, திரையின் ஓரத்துக்கு வந்து சேர்ந்தது, அங்கே நிற்காமல் திரையை விட்டு வெளியே வந்து, கரும்பலகையைத் தாண்டி, சுவருக்குள் நுழைந்து, முதல் மாடி வராண்டா வழியாக வெளியேறி, வேப்பமரத்துக் கிளைகளுக்கு நடுவில் புகுந்து ஊரைப் பார்த்துப் போனது. மணிக்கட்டுப் பருமன் இருந்தது. தொட்டால் சூடும் இல்லை, சில்லிப்பும் இல்லை, இரும்புக் குழாய் மாதிரி கெட்டியாக இருந்தது. ப்ராஜெக்டரை அணைத்த பின்னும் கோடு அணையவில்லை.

ப்ராஜெக்டுக்கு மார்க் போடும் ஆசிரியை ஃபிலோமினா மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, கோட்டை இந்த நுனியிலிருந்து ஜன்னல் வரைக்கும் பார்த்தார்.

"ரெண்டு அச்சுக்கும் பேர் எழுதலையே சுபிக்‌ஷா," என்றார். "அதுக்கு மார்க் போயிரும். அடுத்தது யாரு?"

கோடு மேட்டிலிருந்து மேற்கே போய், பஞ்சர் கடைக்கு மேலே கடந்து, மாரியம்மன் கோயில் தெருவில் மாடிவீடுகள் ஒவ்வொன்றிலும் கிழக்குச் சுவரில் புகுந்து மேற்குச் சுவரில் வெளிவந்து, நாலுரோட்டில் சென்னியப்பன் கடைப் பலகைக்கு மேலே ஓடி, மூன்று மாடி உயரக் கல்யாண மண்டபத்தின் மொட்டைமாடியை லேசாகத் தொட்டுவிட்டு, அதற்கப்புறம் ஊரோடு ஒட்டாமல் வானத்தில் ஏறியது. சாயங்காலம் சுபிக்‌ஷா பஸ்ஸை விட்டு இறங்கியபோது சென்னியப்பன் கடைவாசலில் அண்ணாந்து நின்றிருந்தார். பக்கத்தில் பாதி ஊர் நின்றிருந்தது.

"அம்மிணி, இது நீ வரஞ்சதாமா?"

"ஆமாங்ப்பா."

"என்னது இது?"

"நம்ம கடையோட... வருங்கால விற்பனைங்ப்பா."

சென்னியப்பன் கோட்டைப் பார்த்தார், கடையைப் பார்த்தார், திரும்பக் கோட்டைப் பார்த்தார். "நம்ம கடையா? மேல போகுதே கண்ணு," என்றார். அந்த முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்தபிறகு எந்த மகளால் உண்மையைச் சொல்ல முடியும், அவளாலும் முடியவில்லை. "ஆமாங்ப்பா, போகுதுங்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய், முகம் கழுவி, காபி குடித்து, அழுதாள்.

ஊர் அதை இரண்டு நாளில் பழகிக்கொண்டது. தெருக்காரர்கள் முதல்நாள் தங்கள் வீட்டு வழியாக இன்னொருவர் வளர்ச்சி போகிறதே என்று கொஞ்சம் பொறாமைப்பட்டார்கள், மறுநாள் அதில் துணி காயப்போட்டார்கள். சமையலறை வழியாகப் போன வீட்டில் கரண்டியும் வடிதட்டும் மாட்டினார்கள், கூடத்து வழியாகப் போன வீட்டில் தொட்டில் கட்டினார்கள், படுக்கையறை வழியாகப் போன வீட்டில் புதுமணத் தம்பதி அதன் மேலே ஒரு புடவையைப் போட்டு மறைத்துக்கொண்டார்கள். துணிக்கொடிக் கயிறுகளையெல்லாம் அவிழ்த்து, இனி எதற்கு என்று மாட்டுக்குக் கட்டினார்கள், மிச்சத்தை எறிந்தார்கள். கோயில்காரர்கள் கோட்டுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார்கள். பேரூராட்சியிலிருந்து ஆள் வந்து, ஆகாயத்தை ஆக்கிரமித்ததற்கு வரி கட்ட வேண்டும் என்றார். "அது வருங்காலத்துக் கோடுங், வருங்காலத்துல வாங்கிக்கோங்க" என்று சென்னியப்பன் சொல்ல, அதுவும் சரிதான் என்று அவர் ஒரு டீ குடித்துவிட்டுப் போனார்.

அதில் முதன்முதலாக ஏறியவர் அர்த்தநாரி வாத்தியார். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், கழுத்தில் விசில் இன்னும் தொங்கும், தினம் காலையில் கைவீசி நடக்கிறவர். கீழே நடந்தால் நாய் துரத்துகிறது என்று சொல்லிக்கொண்டு, மண்டபத்து மொட்டைமாடியிலிருந்து கோட்டின் மேலே நடந்து ஏறினார். மத்தியானம் பல்லெல்லாம் கிடுகிடுக்க இறங்கி வந்தார், நேரே சென்னியப்பன் கடைக்குள் நுழைந்தார்.

"என்னா குளுருங்கறீங்க மேல! ஏறுறதுக்கு ஏறுறதுக்கு நடுக்குது. ஒரு சொட்டரும் குல்லாயும் எடுங்க சென்னியப்பண்ணா."

சென்னியப்பன் அத்தனை வருஷமாகக் காத்திருந்த வார்த்தை அது. இருந்த குல்லாய்களையெல்லாம் எடுத்து மேஜைமேல் பரப்பினார்.

மறுநாள் வாத்தியாரோடு நாலுபேர் போனார்கள். அதற்கு மறுநாள் நாலு குடும்பம் போனது. வெள்ளரிப்பாளையத்தில் பிறந்து வளர்ந்து வியர்வையைத் தவிர வேறெதையும் உடம்பில் உணராதவர்கள், வாயிலிருந்து புகை வருகிறது என்று ஒருவர் வாயை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள், புளிச்சோறு கட்டிக்கொண்டு போய் மேகத்துக்குள் உட்கார்ந்து தின்றார்கள், மாமியாரோடு சண்டை போட்டவர்கள் மேலே போய்ச் சமாதானமாகி வந்தார்கள். வருங்காலம் தெரியும் என்று நம்பிப் போனவர்களும் உண்டு. ஆனால் அங்கே வெள்ளையாக மூட்டம்தான் தெரிந்தது. "நம்ம வருங்காலம் நெம்பச் சுத்தமா இருக்குதுங்" என்று வந்து சொன்னார்கள்.

அது காலக் கோடு அல்லவா, மண்டபத்து மாடி இந்த மாசமான ஆவணி என்றால், அதற்கு மேலே ஒவ்வொரு மாசமும் ஒவ்வோர் இடமாக இருந்தது. மக்கள் அதை வைத்தே வழி சொன்னார்கள். "புரட்டாசியில டீக்கடை போட்டுருக்குது, போண்டா வேணும்னா ஐப்பசிக்குப் போகோணும்" என்றார்கள். "உங்கம்மாளக் காணமே?" என்றால், "கார்த்திகையில உக்காந்து பேசிக்கிட்டிருக்குது" என்றார்கள். தை மாசம் முகூர்த்தம் குறித்திருந்த ஒரு ஜோடி, எதற்குக் காத்திருப்பது என்று மேலே தைக்குப் போய்த் தாலி கட்டிக்கொண்டு வந்துவிட்டது. சொந்தக்காரர்கள், மொய் மட்டும் கீழே தை வந்தபிறகு தருகிறோம் என்றார்கள்.

எல்லாரும் ஸ்வெட்டர் வாங்கினார்கள். சென்னியப்பன் நின்றபடியே சாப்பிட்டார். மறுபடி மறுபடி சரக்கு வரவழைத்தார். லூதியானாவிலிருந்து லாரி வந்து, இது எந்த மலைப்பிரதேசம் என்று டிரைவர் இறங்கி வியர்வையைத் துடைத்துக்கொண்டு தேடினார். சாயங்காலம் கடை சாத்தியதும் அன்றைய விற்பனையைச் சுபிக்‌ஷா லேப்டாப்பில் ஏற்றிப் பார்ப்பாள். புள்ளி அந்தச் சிவப்புக் கோட்டின் மேலே, மயிரிழை பிசகாமல் போய் உட்காரும். அவள் சொன்ன பொய் தினம் ஒரு புள்ளி உண்மையாகிக்கொண்டிருந்தது. பொய் என்று அழிக்கவும் முடியவில்லை, உண்மை என்று நிம்மதியாகத் தூங்கவும் முடியவில்லை.

கோடு ஏற வேண்டுமானால் விற்பனை ஏற வேண்டும், விற்பனை ஏற வேண்டுமானால் ஆட்கள் ஏற வேண்டும், ஆகையால் ஊர் ஏறிக்கொண்டே இருந்தது. கீழே மாவுமில் சாத்திக் கிடந்தது. பஞ்சர் கடைக்காரர் சித்திரைக்குக் கடையை மாற்றிக்கொண்டார், அங்கே சைக்கிளே கிடையாது, ஆனால் காற்று நிறைய இருக்கிறது என்றார். ருக்குமணிகூடத் தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு வைகாசிக்குப் போய், கிழிந்த கையுறைகளைத் தைத்துக் கொடுத்தாள். ஃபிலோமினா மேடம் சிவப்பு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ஆனியில் கால் தொங்கவிட்டு உட்கார்ந்து பேப்பர் திருத்தினார்.

ஒருநாள் சாப்பிடும்போது சென்னியப்பன் சொன்னார்: "அம்மிணி, அஞ்சாம் வருசத்து முனையில ஒரு கிளை போடலாமுன்னு இருக்கறேன். அங்கதான் நல்ல குளுரு. நானே போயி அங்கயே தங்கிக்கறேன். வெள்ளிக்கிழமை நல்ல நாளு."

சுபிக்‌ஷா தட்டிலிருந்து கையை எடுத்தாள். அவர் பல்பு மாட்ட ஸ்டூலில் ஏறினாலே சுவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முருகனைக் கூப்பிடுகிற ஆள். மூன்றாம் வருஷத்துக்கு அப்பால் கோடு தென்னைமரம் மாதிரி செங்குத்தாக நிற்கிறது என்று அர்த்தநாரி வாத்தியாரே திரும்பி வந்திருந்தார். அந்த முனையைத் தாங்கிக்கொண்டிருப்பது எதுவும் இல்லை, அவள் எடுத்துப்போட்ட ஒரு மைனஸைத் தவிர.

"உங்களுக்குத் தலை சுத்துமேங்ப்பா."

"சுத்தட்டும். நீ என்ற கடைய அவ்வளவு ஒசரத்துல வெச்சுக் காட்டியிருக்கறே. நான் ஏறாம இருந்தா நல்லாவா இருக்கும்?"

மறுநாள் அவள் ஆனி வரைக்கும் ஏறிப்போய் ஃபிலோமினா மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னாள். மேடம் கேட்டுக்கொண்டே இன்னொரு பேப்பருக்கு மதிப்பெண் போட்டார்.

"தப்புன்னு தெரிஞ்சா திருத்தணும். சப்மிஷன் தேதி இன்னும் முடியலையே. ஆனா நான் இறங்கினப்புறம் திருத்தும்மா," என்றார்.

சேதி அவளுக்கு முன்னால் கீழே இறங்கிவிட்டது. அவள் வீடு திரும்பியபோது வாசலில் அர்த்தநாரி வாத்தியாரும் தெருக்காரர்களும் கம்பளியோடு வியர்த்தபடி நின்றிருந்தார்கள்.

"அம்மிணி, நீங்க படிச்சவங்க, உங்களுக்கு நாஞ்சொல்லோணுமா?" என்றார் வாத்தியார். "கோடுன்னா போட்டவங்களுக்குச் சொந்தம்தானுங். ஆனா அதுல ஊரு குடியேறீட்டா அப்பறம் ஊருக்குச் சொந்தமுங். அதையப் போயித் தொடலாமுங்களா?"

"அது தப்பான கோடுங்க வாத்தியாரே. நான் ஒரு மைனஸை எடுத்துட்டேனுங்."

"மைனஸுன்னா எத்தச்சோடு இருக்கும்?"

அவள் விரல்நுனியில் காட்டினாள்.

"இத்தனூண்டா!" என்று வாத்தியார் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். "இந்தத் துணுக்குக்கா இம்புட்டுப் பேச்சு? அடப் போங்க அம்மிணி." எல்லாரும் ஆளுக்கொரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, குளிருக்குப் போய்விட்டார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது. சென்னியப்பன் குளித்து, விபூதி பூசி, ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு, தகரப்பெட்டி நிறையக் குல்லாய்களை அடுக்கி, அதைத் தலையில் தூக்கிக்கொண்டார். பறை முன்னால் போனது, ஊர் பின்னால் போனது, மண்டபத்து மாடியில் தேங்காய் உடைத்துக் கோட்டில் கால் வைத்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் வைத்தார். வழியனுப்ப ஊரே கோட்டின் மேல் வரிசையாக ஏறியது, ஆவணியிலிருந்து ஆனி வரைக்கும் கம்பளியும் குல்லாயுமாக ஆட்கள் நின்றார்கள், தூரத்திலிருந்து பார்த்தால் மின்கம்பியில் குருவிகள் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது.

சுபிக்‌ஷா அவர்களோடு போகவில்லை. முதலில் சைக்கிளில் ஊருக்கு மேற்கே போய், வாய்க்காலில் தண்ணீர் எவ்வளவு போகிறது என்று இறங்கிப் பார்த்தாள். இடுப்பளவு போனது. அனலிட்டிக்ஸ் படித்தவள் அல்லவா, அதைப் பார்க்காமல் எதையும் செய்ய மாட்டாள். பிறகு கோயிலுக்குப் போய் ஒலிபெருக்கியை வாங்கி, "எல்லாரும் எறங்கீருங்க, நான் மைனஸைப் போடப்போறேன்" என்று கத்தினாள். மேலேயிருந்து பஞ்சர் கடைக்காரர் கையை வாயில் குவித்து, "போடும்மா, போடு! உக்காந்துக்கறோம்" என்றார். ஒருவரும் இறங்கவில்லை. எல்லாரும் உட்கார்ந்துகொண்டார்கள்.

அவள் கல்லூரி மேட்டுக்கு ஏறி, கோடு பிறந்த அந்த வகுப்புக்குள் நுழைந்து லேப்டாப்பைத் திறந்தாள். ஒரேயடியாக மைனஸைப் போட்டால் ஊர் உதிர்ந்துவிடும். அதனால் வளர்ச்சி விகிதத்தைத் துளித்துளியாகக் குறைத்தாள். ஒரு துளி குறைக்கக் கோடு ஈ விரட்டும் மாட்டின் தோல் மாதிரி சிலிர்த்தது. இன்னொரு துளி குறைக்க, வானத்தில் இருந்த மாசங்களெல்லாம் மெதுவாகத் தாழ்ந்தன, லிஃப்டில் இறங்குகிற மாதிரி இருந்தது என்று ஐப்பசியில் இருந்தவர்கள் பிற்பாடு சொன்னார்கள். குறையக் குறையக் குளிர் போய்ப் புழுக்கம் வந்தது, மேகம் மேலே போய்விட்டது, உட்கார்ந்திருந்தவர்கள் மெல்லக் கல்லூரிப் பக்கமாகச் சரிந்து வந்தார்கள், ஐந்தாம் வருஷத்து முனை கிறுகிறுவென்று வளைந்து இறங்கியது. கடைசியில் கட்டத்தில் பூஜ்யம் வந்தது. கல்லூரி முதல் மாடியிலிருந்து வாய்க்கால்கரை வரைக்கும் கோடு ஊருக்குமேல் சமமாக, நீட்டிப் படுத்திருந்தது.

அவள் விரலை எடுத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். எல்லாரும் பத்திரமாக இருந்தார்கள். அப்பா நடுவில் பெட்டியைக் கட்டிக்கொண்டு கண்மூடி உட்கார்ந்திருந்தது புள்ளியாகத் தெரிந்தது. பூஜ்யத்திலேயே விட்டுவிட்டால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது. லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை, ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம், கோட்டில் துணியும் காயும், அப்பாவும் கடையில் உட்கார்ந்திருப்பார். ஆனால் அதுவும் உண்மையில்லை. எத்தனையோ வருஷமாகக் கடையின் நஷ்டத்தை அடைத்து, அம்மாவின் தையல் மிஷின்தான் அந்தப் பூஜ்யத்தை வீட்டில் ஓட்டிக்கொண்டிருந்தது. அவள் மைனஸைப் போட்டாள்.

கோடு மேற்கே சாய்ந்தது. கம்பளி எப்படி வழுக்கும் என்று கேட்பவர்கள் சிவப்புக் கோட்டில் உட்கார்ந்து பார்த்ததில்லை. முதலில் பஞ்சர் கடைக்காரர் "ஏய் ஏய்" என்றபடி கிளம்பினார், அவர் முதுகில் அவர் மனைவி, அவள் முதுகில் போண்டாக்காரர், போண்டாச் சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு. பறைக்காரர்கள் அடித்துக்கொண்டே சறுக்கினார்கள். ருக்குமணி தையல் மிஷினை மடியில் வைத்தபடி சறுக்கினாள். அர்த்தநாரி வாத்தியார் கையை மேலே தூக்கிக்கொண்டு விசிலை ஊதியபடி போனார். வீடுகளுக்குள் கிழக்குச் சுவரில் நுழைந்து மேற்குச் சுவரில் வெளியேறினார்கள், போகிறபோக்கில் காய்ந்துகொண்டிருந்த துணிகளையும் கரண்டிகளையும் அள்ளிக்கொண்டு போனார்கள். ஃபிலோமினா மேடம் விடைத்தாள் கட்டை மார்போடு அணைத்தபடி, "நான் இறங்கினப்புறம்னு சொன்னேனே" என்று ஒவ்வொரு வீட்டுக்கும் சொல்லிக்கொண்டே போனார். வெள்ளரிப்பாளையம் முழுக்க வரிசை குலையாமல் வாய்க்காலில் போய் விழுந்தது, எழுந்தது, நனைந்த கம்பளியின் கனம் தாங்காமல் திரும்ப உட்கார்ந்தது, சிரித்தது, திட்டியது, இன்னொரு தடவை கிடைக்குமா என்று கேட்டது.

சுபிக்‌ஷா சைக்கிளை மிதித்துக்கொண்டு கரைக்கு வந்தாள். சென்னியப்பன் தகரப்பெட்டியின் மேல் தண்ணீர் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தார். சறுக்கலில் கண் திறந்துவிட்டது. எதிரே கோடு வந்து வாய்க்காலுக்குள் முக்குளித்து மண்ணுக்குள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"இதுதான் நெசக் கோடா, கண்ணு?"

"ஆமாங்ப்பா. அன்னிக்கே இப்படித்தான் வந்துச்சு. வகுப்புல எல்லாரும் பாப்பாங்களேன்னு நாந்தான் மாத்தீட்டேன்."

அவர் குல்லாயைக் கழற்றிப் பிழிந்தார்.

"என்ற கடையப் பாத்து உனக்கு வெக்கமா இருந்துச்சா அம்மிணி?"

இல்லை என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். ஆனால் ஒரு மைனஸுக்கு ஊரே நனைந்து நின்றுகொண்டிருந்தது, இன்னொன்றை எடுக்க அவளுக்குத் தெம்பில்லை.

"ஆமாங்ப்பா."

சென்னியப்பன் தலையாட்டினார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எனக்குந்தான்," என்றார். "கடை போட்ட மூணாவது மாசத்துலருந்து. யாருகிட்டச் சொல்றதுன்னு தெரியாம உக்காந்திருந்தேன்."

பிறகு அவரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகிறார் என்று நினைத்து அவள் தோளைப் பிடித்தாள். சிரித்துக்கொண்டிருந்தார். அவளுக்கும் தொற்றிக்கொண்டது. தையல் மிஷினுக்குள் புகுந்த தண்ணீரைக் கவிழ்த்துக் கொட்டிக்கொண்டிருந்த ருக்குமணி, இதுகளுக்கு என்ன கேடு என்று இருவரையும் பார்த்தாள். விஷயத்தைச் சொன்னதும், "மூணாவது மாசமா? எனக்கு ஊட்டியிலயே தெரியுமுங்" என்றாள்.

அந்த வாரத்திலேயே கடையில் கம்பளி இறங்கிக் கயிறு ஏறியது. எல்லார் வீட்டுத் துணியும் நனைந்திருந்தது, ஒரு வீட்டிலும் கொடி இல்லை, என்ன விற்கலாம் என்று தெரிந்துகொள்ள எந்தப் படிப்பும் வேண்டியிருக்கவில்லை, ருக்குமணி ஈரப்புடவையோடு கடைமுன் நின்று கயிறு கேட்டதே போதுமானதாக இருந்தது. சுபிக்‌ஷா ப்ராஜெக்டைச் சமர்ப்பித்த அன்று கோடு வெளுத்து, தாவணியில் பட்ட மஞ்சள் துவைக்கத் துவைக்கப் போகிற மாதிரி போய்விட்டது. நாலைந்து நாள் ஜனங்கள் அந்த இடத்தில் குனிந்தே நடந்தார்கள். அர்த்தநாரி வாத்தியார் மட்டும் சுபிக்‌ஷாவோடு பேசுவதில்லை, வழியில் பார்த்தால் விசிலை ஒருதரம் ஊதிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வாய்மொழித் தேர்வுக்குச் சென்னியப்பனும் வந்தார். பெற்றோர் வரக் கூடாது என்று யாரும் சொல்லாததால், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கடைசிப் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தார். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளருக்கு இந்த ஊர்க் கதை எதுவும் தெரியாது. கீழே போகும் கோட்டைப் பார்த்தார், அச்சு இரண்டுக்கும் பேர் எழுதியிருப்பதைப் பார்த்தார், இங்கே ஸ்வெட்டர் கடையா என்று ஒருதரம் ஜன்னல் வழியே வெயிலையும் பார்த்துக்கொண்டார். பிறகு, எல்லாப் பிள்ளைகளிடமும் கடைசியாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"எந்த ஆய்வுலயும் ஒரு குறைபாடு இருக்கும். இந்த ஆய்வோட குறைபாடு என்னம்மா?"

நேரம் போதவில்லை, தகவல் போதவில்லை என்று சொல்வதுதான் வழக்கம். முன்னால் போனவர்கள் அப்படித்தான் சொன்னார்கள். சுபிக்‌ஷா கடைசிப் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஆய்வு பண்ணினவ கடைக்காரரோட மகளுங் சார்," என்றாள்.

தேர்வாளர் பேனாவை எடுத்தார். அவர் எழுதுவதற்குள் கடைசிப் பெஞ்ச் கிரீச்சிட்டது. சென்னியப்பன் எழுந்து நின்றார். கல்லூரிக்குள் அவர் கால் வைத்ததே அன்றைக்குத்தான், அதனால் எங்கே வாயைத் திறக்கலாம், எங்கே கூடாது என்பது அவருக்குத் தெரியாது.

"ஏனுங் சார்," என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே கேட்டார், "அதையெப்படிங்க நீங்க குறைன்னு எழுதுவீங்க?"